வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை

முதல் நாலு கேள்விக்கும் 'இல்லை'தான், பெனிட்டா யோசிக்கக்கூட இல்லை. பீடி, சிகரெட் பிடித்ததுண்டா, இல்லை. புகையிலை வாயில் அதக்கியதுண்டா, சீ, இல்லை. மது, இல்லை. கஞ்சா, இல்லவே இல்லை. இதில் ஒரு பொட்டுப் பொய் கிடையாது, மாதா கெபிக்கு முன்னால் முட்டங்கால் போட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவாள். பின்னே ஏன் உள்ளங்கை இப்படி வேர்க்கிறது? மேலே ஃபேன் கடகடவென்று சுற்றத்தான் செய்கிறது, ஆனால் அதன் காற்றெல்லாம் பொன்ராணி மிஸ்ஸின் மேசைக்கு, பிள்ளைகளுக்குச் சத்தம் மட்டும். மிஸ் வாசலில் நின்று போனில் யாரிடமோ "ஆமா சார், பன்னெண்டு மணிக்குள்ள ஏத்திருவோம் சார்" என்று குழைந்துவிட்டு, போனை வைத்த கையோடு இந்தப் பக்கம் திரும்பி, "ஏட்டி, கதைப் புஸ்தகமா வாசிக்கிய? பன்னெண்டு கேள்வி, பன்னெண்டு 'இல்லை', அமுக்கிட்டு எழும்புங்க. ஸ்கூல் பேரக் கெடுத்துப் போடாதிய. அடுத்த செட்டு வெளிய வெயில்ல நிக்கி" என்று சத்தம் போட்டார். மாவட்டத்திலிருந்து வந்த உத்தரவாம், ஒவ்வொரு பிள்ளையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தனக்குப் போதைப் பழக்கம் உண்டா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வேண்டுமாம். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் கேட்பானேன் என்று தலைமை சிஸ்டர் காலை ஜெபத்திலேயே முகத்தைச் சுளித்துவிட்டார். பதினாறு மெஷினில் உயிரோடு இருப்பது ஒன்பது. நேரம் மிச்சமாகட்டும் என்று லீடர் பிள்ளை முதலிலேயே ஒன்பதிலும் வரிசையாக ஒவ்வொருத்தி நம்பரையும் தட்டித் திறந்து வைத்திருந்தாள். ஆனால் உள்ளே நுழையும்போது மிஸ் முதுகில் கை வைத்துத் தள்ளி "எங்க காலியோ அங்க உக்காருங்கட்டி" என்றதில் வரிசையாவது மண்ணாவது, இருபத்திமூன்றாம் நம்பர் பெனிட்டாவுக்கு இந்த ஜன்னலோர மெஷின் வாய்த்தது. ஐந்தாவது கேள்வி திரையில் நின்றுகொண்டு அவளையே பார்த்தது.

'கடந்த மூன்று மாதங்களில், வேறொருவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்கள் உட்கொண்டதுண்டா?' யாரிவன், இதை எழுதினவன்? இதெல்லாமா போதை? போதை என்றால் டாஸ்மாக், போதை என்றால் பாலத்தடியில் நிற்கிற பயல்கள், போதை என்றால் கூடப் படிக்கிற டென்சியின் அண்ணன், போன வருசம் கஞ்சாக் கேசில் போலீஸ் ஜீப்பில் ஏறினானே அவன். மாத்திரை எப்படிப் போதையாகும்? டாக்டர் எழுதினது, காசு கொடுத்து மெடிக்கலில் வாங்கினது, அம்மா சிலுவை போட்டு எடுத்துக் கொடுப்பது. அவள் இரண்டாம் தடவை வாசித்தாள், மூன்றாம் தடவையும் வாசித்தாள், ஒவ்வொரு தடவையும் 'வேறொருவருக்கு' என்ற சொல்லில் கண் போய் முட்டியது. வேறொருவர். அந்த வேறொருவர் இந்நேரம் ஆட்டோவில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருப்பார். திரையின் ஓரத்தில் மணி 10.34. பதினோரு மணிக்கு டாக்டர். அதை நினைக்கக் கூடாது, இப்போது அதை நினைக்கக் கூடாது, இப்போது ஐந்தாவது கேள்வி. 'உங்கள் விடைகள் யாருக்கும் காட்டப்படாது, உங்கள் பெயர் கேட்கப்படாது' என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தான். பாவசங்கீர்த்தனத்தில்கூடக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாமியாருக்குக் குரல் தெரியும், இது மிக்கேல் மகள் பெனிட்டா, பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நிற்கிற பிள்ளை என்று தெரியும். அதனால்தானே மூன்று மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை, தலைவலி, டியூஷன், மழை என்று ஆயிரம் சாக்கு. இந்த மெஷினுக்குக் குரலா தெரியும்? விரல் தானாகப் போய் 'ஆம்' என்பதில் அமுக்கியது. அமுக்கின பிறகுதான் திக்கென்றது. ஐயோ மாதாவே, என்ன செய்தேன், என்று இடமும் வலமும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. பக்கத்து மெஷின்காரி கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை, இல்லை, இல்லை' என்று தட்டிக்கொண்டு போனாள்.

எத்தனை முறை என்று கேட்டான் அடுத்ததில். இல்லை, ஒருமுறை, மாதம் சில முறை, வாரம் சில முறை, தினமும். தினமும். அப்படி ஒரு சொல்லை அவள் தனக்குள்ளேகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. முதல் தடவை ஒன்றே ஒன்றுதான், அதுவும் என்ன ஆசைக்கா? அப்பாவின் முனகல் தாங்காமல்தான். விசைப்படகில் வலை இழுக்கிற விஞ்ச் கயிறு அறுந்து அடித்ததில் இடுப்பெலும்பு போய், தகடு வைத்து, ஆறு மாதமாக மனுசன் கட்டிலோடு கட்டில். ஏழடி அலையிலும் சிரித்துக்கொண்டு நின்ற ஆளு, ராத்திரி ஆனால் பூனைக்குட்டி மாதிரி முனகுவார், பிள்ளைகள் முழித்துவிடக் கூடாது என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு முனகுவார். அந்தத் துண்டுதான் அவளைக் கொன்றது. சத்தமாய் அழுதாலாவது கேட்டுவிட்டுத் தூங்கியிருப்பாள். மறுநாள் வேதியியல் பரீட்சை, ஒரு சொட்டுத் தூக்கம் இல்லை, அப்பா மாத்திரை போட்டால் அரை மணியில் அடங்கிப் போகிறாரே, எனக்கும் ஒன்று போட்டால் காது அடையாதா என்று எடுத்து வாயில் போட்டாள். அடைந்தது. அப்பப்பா, எப்படி அடைந்தது! சுவர், முனகல், பரீட்சை, வீட்டில் அண்ணன் போடுகிற சண்டை எல்லாம் தூரப் போய்விட்டது, உடம்பு முழுக்க யாரோ வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி. ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஒரு அமைதி. அதற்கு அப்புறம் ஒன்றுதானே, இன்றைக்கு மட்டும்தானே என்று எத்தனை 'தானே' போட்டிருப்பாள்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அட்டையிலிருந்து வாரத்துக்கு உள்ளதைப் பிதுக்கி, காலைக்கு ஒன்று ராத்திரிக்கு ஒன்று என்று அறை அறையாக டப்பாவில் போட்டு வைப்பாள், அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, அறைக் கணக்குத்தான் தெரியும். குறைந்தால் கண்டுபிடித்துவிடுவாள். அண்ணன் பெண்டாட்டி, மைனிக்கு, வயிற்றில் ஆறு மாதம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கைநிறையக் கொடுத்திருந்தார்கள், வெள்ளை, ஏறக்குறைய அதே பருமன். ஒன்றை எடுத்து அறைக்குள் போட்டுவிட்டு மற்றதை இவள் எடுத்துக்கொண்டாள். எவ்வளவு சுளுவு. என்ன மூளை பார்த்தாயா உனக்கு, இந்த மூளையைக் கணக்கில் காட்டியிருந்தால் நூற்றுக்கு நூறு. முதலில் ராத்திரி அறை மட்டும். மூன்று வாரமாகக் காலை அறையும். அப்பா சுண்ணாம்பைத் தின்றுவிட்டு முனகினார், அவர் முனகுகிறார் என்று இவள் இன்னொன்றைத் தின்றாள், இவள் தின்றதால் அவர் இன்னும் முனகினார். இது எங்கே போய் முடியும் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த நினைப்புக்கும் மாத்திரைதான் மருந்து. நேற்றுக் காலையில் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார், "எளா, இந்த மாத்திர முன்ன மாதிரி கேக்க மாட்டேங்கு. ஒருவேள என் உடம்புதான் இனிமே ஒண்ணுக்கும் ஆகாதோ என்னவோ." சொல்லிவிட்டுச் சிரித்தார். இவள் இட்லியை முழுங்க முடியாமல் தட்டோடு எழுந்து போனாள்.

பெனிட்டா நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு 'தினமும்' என்பதை அமுக்கினாள். கை நடுங்கியது. இது பயத்தினால் மட்டும் இல்லை, அவளுக்குத் தெரியும். இன்றைக்கு அம்மா டப்பாவையே பைக்குள் போட்டு எடுத்துப் போய்விட்டாள், டாக்டரிடம் காட்டணுமாம். காலையிலிருந்து ஒன்றும் உள்ளே போகவில்லை, முதல் பீரியடிலேயே முதுகெல்லாம் எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது. டாக்டர் டப்பாவைத் திறந்து பார்ப்பாரோ? பார்த்தால் தெரிந்துவிடுமே. பார்க்கட்டும், பார்த்துக் கண்டுபிடிக்கட்டும், இவள் வாயால் சொல்ல வேண்டிய பாடு மிச்சம். ஆனால் எந்த டாக்டர் டப்பாவைப் பார்த்தார், சீட்டைத்தான் பார்ப்பார், எக்ஸ்ரே படத்தைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். போன தடவையே சொல்லிவிட்டார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இவ்வளவு வீரியமான மாத்திரைக்கே வலி அடங்கவில்லை என்றால் உள்ளே தகடு என்னவோ கோளாறு பண்ணுகிறது, இரண்டு வாரம் பார்ப்போம், அப்போதும் கேட்கவில்லை என்றால் மறுபடி திறந்துவிட வேண்டியதுதான் என்று. அந்த இரண்டு வாரம் இன்றைக்கு முடிகிறது. அண்ணன் நேற்றே ரத்தம் கொடுக்க இரண்டு பேரைச் சொல்லி வைத்துவிட்டான். ஒரு கோளாறும் இல்லாத இடுப்பை அறுக்கப் போகிறார்கள். அவர் பாட்டுக்குக் கையெழுத்துப் போடுவார், டாக்டர் சொன்னால் கழுத்தைக்கூட நீட்டுகிற ஆள். போன ஆபரேஷனிலேயே மயக்கம் தெளிய ஒன்றரை நாள் ஆயிற்று, அம்மா அந்த ஒன்றரை நாளும் ஜெபமாலையை விட்டுக் கையை எடுக்கவில்லை. 

ஏழு, எட்டு எல்லாம் எப்படிப் போயிற்றென்றே தெரியவில்லை. நிறுத்த முயன்றதுண்டா, உண்டு. முடிந்ததா, இல்லை. யாரிடமாவது மறைத்ததுண்டா, அடேயப்பா, கேட்கிறான் பார். ஒவ்வொரு 'ஆம்' அமுக்கும்போதும் நெஞ்சு இடித்தது, ஆனால் இடித்துவிட்டுக் கொஞ்சம் இடம் விட்டது, மூச்சு உள்ளே போக. சனியன், சொன்னால் இப்படி இருக்குமா, இது தெரியாமல் போயிற்றே. பதினொன்றாவது கேள்வி: 'உங்கள் பழக்கத்தால் வேறு யாருக்காவது தீங்கு நேர்ந்ததுண்டா?' அதிலே சிக்கிக்கொண்டாள். நேர்ந்ததுண்டா என்றால் ஏற்கெனவே நடந்து முடிந்ததையா கேட்கிறான், இன்னும் இருபது நிமிசத்தில் நடக்கப் போவதை எதில் சேர்ப்பது? மணி 10.43. மூன்று மாத முனகல் தீங்குதானே. அந்தத் துண்டு தீங்குதானே. 'உடம்பு ஒண்ணுக்கும் ஆகாதோ' என்று ஒரு மனுசன் தன் உடம்பையே சந்தேகப்பட்டாரே, அதற்கு என்ன பேர்? "பெனிட்டா, என்னட்டி கனவா?" என்று மிஸ் குரல் கொடுத்தார். "முடிச்சிட்டேன் மிஸ்" என்று வாய் பொய் சொல்ல, விரல் 'ஆம்' என்றது. கடைசிக் கேள்வி உதவி தேவையா என்பது. அதற்கும் 'ஆம்'. மெஷினில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, நெட் அந்த மாதிரி.

பிறகு திரை முழுக்கச் சிவப்பு. 'உடனடி ஆலோசனை தேவை. வகுப்பாசிரியருக்குத் தகவல் அனுப்பப்படும். பெயரைச் சரிபார்த்துச் சமர்ப்பிக்கவும்.' பேர் கேட்க மாட்டேன் என்றுதானே சொன்னான், படுபாவி? கேட்கவில்லைதான், அவனுக்குத்தான் முதலிலேயே தெரியுமே. லீடர் தட்டி வைத்த நம்பரிலேயே பேர் இருந்திருக்கிறது. அவள் திரையில் இருந்த பேரைப் பார்த்தாள். எண் 22, மா. டென்சி. ஒரு நிமிசம் ஒன்றும் புரியவில்லை. பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது, இது டென்சிக்காகத் திறந்து வைத்த மெஷின். டென்சி அட்டெண்டன்ஸ் நோட்டைக் கொண்டு ஆபீசுக்குப் போயிருந்தாள், இவள் அவள் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள், அவள் பேரில் மூன்று மாதப் பாவத்தையும் சொல்லி முடித்துவிட்டாள். கீழே இரண்டு பொத்தான், 'திருத்து', 'சமர்ப்பி'. முதலில் வந்தது பயம் இல்லை, சொல்லவே வெட்கக்கேடு, சந்தோசம். தப்பித்தாய் என்றது மனசு. சமர்ப்பியை அமுக்கிவிட்டு எழுந்து போ, டென்சி என்று வந்தால் யார் நம்ப மாட்டார்கள், கஞ்சாக் கேசுக்காரன் தங்கச்சி, அவள் தலையில் அடித்து 'நான் இல்லை மிஸ்' என்று கத்தினாலும் ஊர் சிரிக்கும். சீ, என்ன பிறவி நீ! அப்படியானால் திருத்து. பன்னிரண்டையும் 'இல்லை' ஆக்கு, பச்சை வரும், டென்சியும் தப்பித்தாள் நீயும் தப்பித்தாய், மிஸ் சொன்னதும் அதுதானே. அவள் 'திருத்து' அமுக்கிப் பின்பக்கமாகவே போனாள். உதவி தேவையா, இல்லை. தீங்கு நேர்ந்ததுண்டா. இல்லை என்பதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள், அமுக்கத்தான் வேண்டும், விரல் மரக்கட்டை மாதிரி நின்றது. அமுக்கு. அமுக்கு மூதேவி. முடியவில்லை. 10.49.

"ஏட்டி, இது என் நம்பருல்லா?" என்று தோளுக்குப் பின்னால் குரல். டென்சி. ஆபீசிலிருந்து ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. குனிந்து திரையைப் பார்த்தாள், எட்டிக் கையை நீட்டி மவுசை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். மாத்திரை, தினமும், மறைத்தது, எல்லாவற்றையும் வாசித்தாள். பெனிட்டா தடுக்கவில்லை, தடுக்கத் தெம்பு இல்லை. டென்சி அவள் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மேசைமேல் அது தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

"நீயாட்டி?" என்றாள் ரகசியமாக. "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் கை ஆடும்."

பெனிட்டா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

டென்சி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கங்களை முன்னால் தள்ளி அந்தச் சிவப்பில் கொண்டு நிறுத்தி, "சரி, அமுக்கிட்டு எழும்பு" என்றாள். "என் பேர்லயே போவட்டும். எங்க வீட்டுக் கதைதான் ஊருக்கே தெரியுமே, எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். ஒனக்குத் தாங்காது பிள்ள."

இப்படி ஒருத்தி சொல்வாள் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. டென்சியோடு அந்தக் கேசுக்கு அப்புறம் ஒழுங்காய் ஒரு வார்த்தை பேசியதில்லை, அம்மா பேச விடமாட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதோடு கூடவே அந்தப் பழைய சந்தோசமும் வெட்கமில்லாமல் தலை தூக்கியது, சரி என்று சொல்லு, அவளேதான் சொல்கிறாளே. யார் பேரில் போனால் என்ன? பெனிட்டா பேரில் போனால் சிஸ்டர் கூப்பிடுவார், டென்சி பேரில் போனால் டென்சியைக் கூப்பிடுவார், பச்சையாக மாற்றினால் யாரையும் கூப்பிட மாட்டார். மூன்றில் எது நடந்தாலும் பதினோரு மணிக்கு அப்பா கையெழுத்துப் போடுவார். இது அப்போதுதான் மண்டைக்குள் இறங்கியது. இத்தனை நேரம் இந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாளே, கோட்டி பிடித்தவள், இந்த மெஷினிடம் எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அங்கே கத்தி நிற்கப் போவதில்லை. சொல்ல வேண்டிய ஆள் இது இல்லை. 10.53. நாற்காலி கிறீச்சிட எழுந்து மிஸ்ஸின் முன்னால் போய் நின்றாள்.

"மிஸ், ஒங்க போன் வேணும்."

"எதுக்குட்டி? முடிச்சிட்டியா?"

"எங்கப்பாட்ட பேசணும் மிஸ். பதினோரு மணிக்குள்ள பேசணும்."

அதற்குள் மிஸ் அவள் பின்னால் இருந்த சிவப்பைப் பார்த்துவிட்டார். விறுவிறுவென்று வந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேரை வாசித்தார். வாசித்தவர் திரும்பியது டென்சி பக்கம். "நெனச்சேன்ட்டி ஒன்னைய! குடும்பத்தோட இதே வேலையா? எங்கிருந்துட்டி..."

"அவ இல்ல மிஸ், நான்" என்றாள் பெனிட்டா. அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "நம்பர் மாறி உக்காந்துட்டேன். அதுல இருக்கது எல்லாமே நான்தான். என்னைய அப்புறம் என்ன வேணும்னாலும் பண்ணுங்க மிஸ், சிஸ்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. இப்ப போன் மட்டும் குடுங்க. எங்கப்பாவ சும்மா அறுக்கப் போறாவ மிஸ்."

 திட்டுவதா வேண்டாமா என்று மிஸ்ஸுக்கே தெரியவில்லை போல, கை மட்டும் போனை நீட்டியது. பெனிட்டா எண்களைத் தட்டினாள், ஒரு தடவை தப்பி, அழித்து, மறுபடி தட்டினாள். மணி அடித்தது. நாலு தடவை. அஞ்சு தடவை. எடுங்களேன், எடுங்களேன். அம்மா எடுத்தாள், பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல், இவள் "எம்மா" என்றாள். "யாரு? பெனிட்டாவா? என்ன பிள்ள இந்நேரத்துல, டாக்டரு உள்ள கூப்ட்டாச்சு, பேப்பரெல்லாம் நீட்டிட்டாவ, அப்புறமா பேசுதேன்."

"எம்மா, வச்சிராத, வச்சிராத. அப்பாட்ட குடு."

"அவிய கையெழுத்துப் போடப் போறாவட்டி."

"அதுக்குத்தாம்மா, குடேன்!"

போன் கை மாறுகிற சத்தம். அப்பாவின் மூச்சு, வலியோடு இழுத்து விடுகிற மூச்சு, மூன்று மாதமாக அவள் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டது. "சொல்லு மக்ளே."

"எப்பா, கையெழுத்துப் போடாதீங்க. ஒங்க இடுப்புல ஒண்ணும் இல்ல. டப்பாவுல இருந்தது மைனி திங்க சுண்ணாம்பு மாத்திர. ஒங்க மாத்திரைய எடுத்துட்டு நான்தாம்ப்பா அத மாத்தி வச்சேன். ஒங்களுது எல்லாத்தையும் நான்தான் தின்னேன். மூணு மாசமா."

 அந்தப் பக்கம் எங்கோ ஒரு நர்ஸ் யார் பேரையோ கூப்பிட்டாள், அம்மா "என்னவாம், என்னவாம்" என்று கேட்டாள். பெனிட்டா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். திட்டட்டும், தலை முழுகிவிட்டேன் என்று சொல்லட்டும், இனி வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் 'சரிப்பா' என்று சொல்லத் தயாராக நின்றாள்.

"ஒனக்கு எங்க பிள்ள வலிச்சுது?" என்று கேட்டார் அப்பா.